ஆப்பை இறக்கியவர்கள் மறுநாள் ஏன் வருவதில்லை? – வாசகர் கேள்வி பதில்

இந்த இதழில் எடுத்துக்கொண்டவை எல்லாம் ஆப் செய்து விற்பவர்களின் கேள்விகள். ஊர் வேறு, தொழில் வேறு, கவலை ஒன்றுதான். பதிவு செய்கிறவர்கள் பயன்படுத்துகிறவர்களாக மாறுவதில்லை.

மளிகைக் கடைகளுக்கான பில்லிங் ஆப் செய்திருக்கிறோம். விளம்பரம் பார்த்துப் பதிவு செய்பவர்களுக்குக் குறைவில்லை. ஆனால் பெரும்பாலோர் இரண்டாம் நாள் ஆப்பைத் திறப்பதே இல்லை. விளம்பரச் செலவைக் கூட்டலாமா?
– வாசகர், ஈரோடு

வேண்டாம். இப்போதைக்கு விளம்பரத்தை நிறுத்தி வைத்தாலும் நஷ்டமில்லை. நூறு பேர் வந்து ஐந்து பேர் தங்கும் இடத்துக்கு இருநூறு பேரை அழைத்தால் பத்துப் பேர் தங்குவார்கள். மீதி நூற்றுத் தொண்ணூறு பேரும் மொத்தக் கடையில் சரக்கெடுக்க நிற்கும்போது "போட்டுப் பார்த்தேன், சரிப்பட்டு வரலை" என்று சொல்லிவிடுவார்கள். அந்தப் பேச்சை எந்த விளம்பரத்தாலும் அழிக்க முடியாது.

முதலில் ஒரு கோடு போடுங்கள். எதைச் செய்த கடைக்காரரை "நம்ம ஆள்" என்று எண்ணுவீர்கள்? பதிவு செய்தது கணக்கில்லை. "சோதனை 1" என்று பெயர் போட்டுப் பார்த்த மாதிரி பில்லும் கணக்கில்லை. கடை வாசலில் நிற்கும் ஆளுக்கு, எடை போட்டுக் கட்டிய சரக்குக்கு, ஆப்பில் முதல் பில் போட்டுக் கொடுக்கிறாரே, அதுதான் கோடு. அதற்கு முந்தைய எல்லாமே அவருக்குச் சுமை. அந்தச் சுமையில் என்னென்ன இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். வழக்கமாக இப்படி இருக்கும்: மொழி, மொபைல் எண், ஓடிபி, கடைப் பெயர், முகவரி, ஜிஎஸ்டி எண், லோகோ, சரக்குப் பட்டியல், பிரிண்டர், அப்புறம் பில். இதில் முதல் பில்லுக்கு உண்மையில் தேவைப்படுவது கடைப் பெயர் ஒன்றுதான்.

ஜிஎஸ்டி எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். சரக்கு விற்பவருக்குத் தமிழ்நாட்டில் ஆண்டு விற்றுமுதல் 40 லட்சத்தைத் தாண்டினால்தான் பொதுவாகப் பதிவு கட்டாயம். தெருமுனைக் கடைகள் பலவற்றுக்கு அந்த எண்ணே கிடையாது. அந்தக் கட்டத்தை நிரப்பாமல் அடுத்த திரைக்குப் போக முடியாது என்று வைத்தால், நீங்களே கதவைச் சாத்துகிறீர்கள். எண் வைத்திருப்பவரும் தயங்குவார். 15 இடம் கொண்ட அந்த எண்ணில் முதல் இரண்டு மாநிலக் குறி (தமிழ்நாட்டுக்கு 33), அடுத்த பத்து அவருடைய பான் எண். முன்பின் தெரியாத ஆப்புக்கு அதைக் கொடுக்க யாருக்கும் கை வராது. பத்திருபது பில் போட்ட பிறகு, "பில்லில் ஜிஎஸ்டி எண் வர வேண்டுமா?" என்று கேளுங்கள், தருவார். காம்போசிஷன் திட்டத்தில் (சிறு வணிகர்களுக்கான எளிய ஜிஎஸ்டி முறை) இருக்கும் கடை என்றால் பில்லில் வரியைத் தனியாகப் போடவே கூடாது, தலைப்பும் 'பில் ஆஃப் சப்ளை' என்று இருக்க வேண்டும். அதனால் வரியைத் தானாகச் சேர்க்கும் அமைப்பை ஆரம்பத்தில் அணைத்தே வையுங்கள்.

பெரிய தடை சரக்குப் பட்டியல். சின்ன மளிகைக் கடையிலும் பல நூறு சரக்கு இருக்கும். "முதலில் எல்லாச் சரக்கையும் ஏற்றுங்கள்" என்று சொன்ன நிமிடமே அவர் நோட்டுக்குத் திரும்பிவிடுவார். அதைத் தலைகீழாக்குங்கள். பில் திரையிலேயே பெயரையும் விலையையும் அடிக்கட்டும். அடித்தது தானாகப் பட்டியலில் சேரட்டும். இரண்டு வாரத்தில் அதிகம் விற்கும் சரக்கு எல்லாம் உள்ளே வந்திருக்கும். விற்காததை யாரும் ஏற்றத் தேவையில்லை. பாக்கெட் சரக்குக்கு பார்கோடு இருக்கிறது, பெயரை நீங்களே நிரப்பித் தரலாம். விலையை மட்டும் நிரப்பாதீர்கள். தவறான விலையோடு ஒரு பில் போய்விட்டால் அந்தக் கடையில் உங்கள் ஆப்பின் கதை முடிந்தது.

இன்னொன்று, வெளியூர் ஆப்கள் பல கோட்டை விடும் இடம். மளிகைக் கடையில் "கால் கிலோ பூண்டு" என்று கேட்பவர்களும் உண்டு, "இருபது ரூபாய்க்குப் பூண்டு" என்று கேட்பவர்களும் உண்டு. இரண்டாவதுக்கு ரூபாயைப் போட்டால் எடையை ஆப் கணக்கிட்டுச் சொல்ல வேண்டும். அந்த வசதி இல்லாவிட்டால் கடைக்காரர் கால்குலேட்டரை எடுப்பார். கால்குலேட்டரை எடுத்த பிறகு ஆப் எதற்கு?

சில கடைகளுக்குப் பில்லே முக்கியமில்லை. மாதாந்திரக் கடன் கணக்குதான் தலைவலி. ஆகவே தொடக்கத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்கலாம்: "முதலில் எது வேண்டும், பில் போடவா, கடன் கணக்கு எழுதவா?" பதிலைப் பொறுத்து அடுத்த திரை மாற வேண்டும். அடுத்த திரையை மாற்றாத எந்தக் கேள்வியையும் அந்த இடத்தில் கேட்காதீர்கள்.

எங்களுடையதும் பில்லிங் ஆப்தான். பில் போடுகிறார்கள், பிரிண்டர் இணைக்கும் இடத்தில் நின்றுவிடுகிறார்கள். தமிழில் அச்சடித்தால் கேள்விக்குறியாக வருகிறது என்றும் புகார்.
– வாசகர், கோயம்புத்தூர்

முதலில் தமிழ். விலை குறைந்த தெர்மல் பிரிண்டர்களுக்குள் தமிழ் எழுத்துரு கிடையாது. எழுத்தாக அனுப்பினால் கேள்விக்குறியோ கிறுக்கலோதான் வரும். பில்லைப் போனிலேயே படமாக வரைந்து, கறுப்பு வெள்ளைப் புள்ளிகளாக மாற்றி அனுப்ப வேண்டும். 58 மில்லிமீட்டர் பேப்பர் பிரிண்டரில் வழக்கமாக அகலம் 384 புள்ளி, 80 மில்லிமீட்டரில் 576 புள்ளி. சாதாரண ஆங்கில எழுத்தில் முதலாவதில் வரிக்கு 32, இரண்டாவதில் 48 எழுத்து அடங்கும். 80-க்கு வரைந்த படத்தை 58-க்கு அனுப்பினால் வலப் பக்கம் வெட்டுப்படும். வலப் பக்கத்தில்தான் தொகை இருக்கும். கடைக்காரர் அதை "உங்க ஆப்ல கணக்கு தப்பு" என்றுதான் புரிந்துகொள்வார். நீளமான படத்தை ஒரே மூச்சில் அனுப்பினால் சின்ன பிரிண்டர்கள் பாதியில் திணறிக் குப்பையாக அடிக்கும். படத்தைத் துண்டு துண்டாக வெட்டி, நடுவில் சிறு இடைவெளி விட்டு அனுப்புங்கள்.

அடுத்தது இணைப்பு. ப்ளூடூத் பிரிண்டர்கள் பெரும்பாலும் கேட்கும் கடவு எண் 0000 அல்லது 1234. அதைத் திரையிலேயே பெரிதாகப் போட்டு வையுங்கள். கடைக்காரர் கையேட்டைத் தேடிக்கொண்டிருக்க மாட்டார். ஆண்ட்ராய்டு 12 முதல் 'அருகிலுள்ள சாதனங்கள்' என்ற அனுமதி வேண்டும். அதற்கு முந்தைய போன்களில் ப்ளூடூத் சாதனத்தைத் தேடவே இருப்பிட அனுமதி வேண்டும், சிலவற்றில் இருப்பிடம் இயங்கவும் வேண்டும். பில் போடும் ஆப் "நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்" என்று கேட்டால் யாராக இருந்தாலும் மறுத்துவிடுவார்கள். இரண்டு முறை மறுத்தால் புதிய ஆண்ட்ராய்டுகளில் அந்தக் கேள்விப் பெட்டி மறுபடி வராது. உங்கள் பொத்தானை அழுத்தினால் ஒன்றும் நடக்காதது போலத் தோன்றும். எனவே அனுமதிப் பெட்டிக்கு முன்னால் ஒரு வரியில் காரணம் சொல்லுங்கள். மறுத்தவருக்கு செட்டிங்ஸ் பக்கத்தை நேராகத் திறந்து காட்டும் வழியும் இருக்கட்டும்.

"பிரிண்டர் ஓடுது, பேப்பர் வெள்ளையா வருது" என்ற போன் உங்களுக்கு நிச்சயம் வரும். ரோலைத் தலைகீழாகப் போட்டிருப்பார்கள். தெர்மல் பேப்பரில் ஒரு பக்கம்தான் பூச்சு. நகத்தால் அழுத்திக் கீறிப் பார்க்கச் சொல்லுங்கள். கறுப்புக் கோடு விழும் பக்கம்தான் அச்சுப் பக்கம். ஆப்பில் இதை ஒரு படமாக வைத்தால் அந்த போன்கள் குறைந்துவிடும். பிரிண்டரே பழுதா, ஆப்பில் கோளாறா என்று பிரிக்க, பேப்பர் நகர்த்தும் பொத்தானை அழுத்திக்கொண்டே பிரிண்டரை ஆன் செய்யச் சொல்லுங்கள். பெரும்பாலான பிரிண்டர்கள் தானாக ஒரு சோதனைத் தாள் அடிக்கும். அது வந்தால் பிரிண்டர் நலம், தவறு உங்கள் பக்கம்.

இத்தனையும் செய்தாலும், பிரிண்டர் இணைத்தால்தான் பில் என்று வைக்காதீர்கள். முதல் பில்லை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பும் வழி அதே திரையில் இருக்கட்டும். பிரிண்டரை மத்தியானம் கூட்டமில்லாத நேரத்தில் இணைத்துக்கொள்வார்.

ஃபேஸ்புக்குக்கு "10 நாளில் 7 நண்பர்கள்", அலுவலகக் குழுக்கள் பேசிக்கொள்ளும் ஸ்லாக் ஆப்புக்கு "2,000 செய்திகள்" என்று, அதைத் தொட்டவர்கள் தங்கிவிடுவார்கள் என ஒரு மந்திர எண் சொல்கிறார்களே, எங்கள் ஆப்புக்கு அதை எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகர், சென்னை

ஃபேஸ்புக்கின் வளர்ச்சிக் குழுவை நடத்திய சமத் பலிஹபிட்டிய சொன்னது முதலாவது. ஸ்லாக்கின் ஸ்டூவர்ட் பட்டர்ஃபீல்டு சொன்னது இரண்டாவது: 2,000 செய்திகளைக் கடந்த குழுக்களில் 93 சதவீதம் தொடர்ந்து பயன்படுத்தின என்றார். இரண்டுமே அவரவர் கணக்கைப் பார்த்து எடுத்த எண்கள். கணக்குப் போடும் முறையை எடுத்துக்கொள்ளுங்கள், எண்ணை விட்டுவிடுங்கள்.

ஒரே மாதத்தில் பதிவு செய்தவர்களை மட்டும் எடுங்கள். ஒவ்வொருவரும் முதல் வாரம் என்ன செய்தார், எட்டாம் வாரம் இருக்கிறாரா இல்லையா என்று எழுதுங்கள். உதாரணத்துக்கு 200 பேர் என்று வைத்துக்கொள்வோம். எட்டாம் வாரம் 38 பேர் இருக்கிறார்கள்.

"முதல் மூன்று நாளில் 5 பில்" என்ற எல்லையை வைத்துப் பார்த்தால்: அதைத் தொட்டவர்கள் 40, அதில் தங்கியவர்கள் 30. தொடாதவர்கள் 160, தங்கியவர்கள் 8.

"20 பில்" என்று வைத்தால்: தொட்டவர்கள் 12, தங்கியவர்கள் 11. தொடாதவர்கள் 188, தங்கியவர்கள் 27.

"இரண்டாம் நாள் ஆப்பைத் திறந்தார்" என்று வைத்தால்: 120 பேரில் 34. திறக்காத 80 பேரில் 4.

20 பில் போட்டவர்களில் 92 சதவீதம் தங்குகிறார்கள் என்று மயங்கிவிடக் கூடாது. தங்கிய 38 பேரில் 27 பேர் அந்த எல்லையைத் தொடவே இல்லை, ஆகவே அது எல்லை ஆகாது. இரண்டாம் நாள் திறப்பது அதற்கு நேர்மாறு: தங்கியவர்கள் எல்லோரும் ஏறக்குறைய உள்ளே இருக்கிறார்கள், கூடவே தங்காத 86 பேரும் இருக்கிறார்கள். 5 பில் என்பதுதான் இங்கே பொருந்துகிறது. தொட்டவர்களில் 75 சதவீதம் தங்குகிறார்கள், தொடாதவர்களில் 5 சதவீதம். தங்கியவர்களில் பெரும்பகுதியும் அதற்குள் அடங்கிவிடுகிறது.

இதோடு முடியவில்லை. 5 பில் போட்டதால் தங்கினார்களா, அல்லது கூட்டம் அதிகமுள்ள கடை என்பதால் 5 பில்லும் போட்டார்கள், தங்கவும் செய்தார்களா? கூட்டமில்லாத கடைக்காரரை நச்சரித்து 5 பில் போட வைத்தாலும் அவர் தங்காமல் போகலாம். பாதிப் பேருக்கு மட்டும் மாற்றத்தைக் காட்டிப் பார்த்தால்தான் இது தெரியும். அங்கேயும் ஒரு பள்ளம் இருக்கிறது. பழைய திரையில் 100 பேரில் 40, புதிய திரையில் 100 பேரில் 46 என்று வந்தால் பலரும் கைதட்டிவிடுகிறார்கள். அந்த 6 தற்செயலாகவே வரக்கூடிய வித்தியாசம். எத்தனை பேர் வேண்டும் என்பதற்குக் கைக்கணக்கு ஒன்று உண்டு: சராசரி விகிதம் 0.43, அதை 0.57-ஆல் பெருக்கி, மறுபடி 16-ஆல் பெருக்கி, வித்தியாசமான 0.06-இன் வர்க்கத்தால் வகுங்கள். ஏறக்குறைய 1,090 வரும். ஒவ்வொரு பக்கமும் அத்தனை பேர். உங்களிடம் மாதம் 200 பேர்தான் வருகிறார்கள் என்றால் இந்தப் பரிசோதனை உங்களுக்கில்லை. நின்றுபோனவர்களில் பதினைந்து பேருக்கு போன் போடுங்கள். "எங்கே நிறுத்தினீங்க, அப்ப கையில என்ன வேலை இருந்துச்சு?" என்று கேளுங்கள். "ஆப் பிடிச்சிருக்கா?" என்று கேட்டால் எல்லோரும் மரியாதைக்கு "நல்லாருக்கு சார்" என்பார்கள், அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

ஓடிபி திரையிலேயே நிறையப் பேர் போய்விடுகிறார்கள். எங்கள் போன்களில் எல்லாம் ஓடிபி தானாக நிரம்புகிறது. வாடிக்கையாளர் போனில் நிரம்புவதில்லை. என்ன காரணம்?
– வாசகர், மதுரை

உங்கள் போனில் ஓடி, பிளே ஸ்டோரிலிருந்து இறக்கியவருக்கு ஓடாமல் போனால் முதல் சந்தேகம் அந்த 11 எழுத்துக் குறியீட்டின் மேல்தான். எஸ்எம்எஸ் படிக்கும் அனுமதி கேட்காமல் ஓடிபியைத் தானாக எடுக்க, செய்தியின் கடைசியில் உங்கள் ஆப்புக்கே உரிய 11 எழுத்து வர வேண்டும். ஆப்பில் போடும் கையெழுத்துச் சாவியிலிருந்து (ஆப் யாருடையது என்று காட்டும் டிஜிட்டல் முத்திரை) அது உருவாகிறது. நீங்கள் சோதிக்கும் ஆப்பில் உங்கள் சாவி. பிளே ஸ்டோர் கொடுக்கும் ஆப்பில் கூகுள் வைத்திருக்கும் சாவி. சாவி வேறு என்றால் குறியீடும் வேறு. பிளே கன்சோலில் காட்டும் சான்றிதழை வைத்துக் குறியீட்டைக் கணக்கிட்டு, அதோடு, எஸ்எம்எஸ் வாசகங்களைப் பதிவு செய்யும் டிஎல்டி தளத்தில் புதிய டெம்ப்ளேட்டுக்கு (வாசக மாதிரி) ஒப்புதல் வாங்குங்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி, பதிவு செய்த வாசகத்திலிருந்து விலகினால் எஸ்எம்எஸ் வழியிலேயே நின்றுவிடும். டெம்ப்ளேட்டில் இல்லாத ஒரு முற்றுப்புள்ளிகூட வம்பு.

செய்தி 140 பைட்டுக்குள் இருக்க வேண்டும். அதனால் ஓடிபி வாசகத்தைத் தமிழில் வைக்கும் ஆசையை விட்டுவிடுங்கள். தமிழ் எஸ்எம்எஸ் ஒன்றில் 70 எழுத்துதான் பிடிக்கும். அதிலும் கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனிக் கணக்கு. 'தமிழ்' என்பது கண்ணுக்கு மூன்றெழுத்து, எஸ்எம்எஸ்ஸுக்கு ஐந்து. இரண்டு துண்டாகப் போனால் காசும் இரட்டிப்பு. திரை தமிழில் இருக்கட்டும், எஸ்எம்எஸ் சின்னதாக ஆங்கிலத்தில் போகட்டும்.

"மீண்டும் அனுப்பு" அழுத்தினால் புதிய எண்ணை உருவாக்காதீர்கள். நெட்வொர்க் மந்தமான இடத்தில் முதல் எஸ்எம்எஸ் தாமதமாக வரும்; அதற்குள் அவர் மறுபடி அழுத்தியிருப்பார். முதலில் வந்ததை அடித்தால் "தவறான எண்" என்று காட்டும். காலாவதி ஆகும் வரை அதே எண்ணையே திரும்ப அனுப்புங்கள். மொபைல் எண்ணை முன்னால் சைபரோடு அடித்தாலும், 91 சேர்த்து அடித்தாலும், நடுவில் இடம் விட்டு அடித்தாலும் ஏற்றுக்கொண்டு நீங்களே சரிசெய்யுங்கள்.

இதையெல்லாம் விட நல்ல வழி, ஓடிபியையே தள்ளிப் போடுவது. மொழி கற்றுத்தரும் டுவோலிங்கோ ஆப் முதல் பாடத்தை முடிக்க விட்டுவிட்டுப் பிறகுதான் கணக்குத் தொடங்கச் சொல்கிறது. அப்போது சேமித்து வைக்க அவரிடம் ஏதோ இருக்கிறது. உங்கள் ஆப்பிலும் முதல் பதிவைப் போனுக்குள்ளேயே வைத்துக்கொண்டு, "போன் தொலைந்தாலும் இது தொலையாமல் இருக்க" என்று சொல்லி எண்ணைக் கேட்கலாம். பணம் அனுப்பும் ஆப், மருத்துவ ஆப் போன்றவற்றுக்கு இது சரிவராது.

வராமல் போனவர்களுக்குத் தினமும் நோட்டிபிகேஷன் அனுப்புகிறோம். பலன் இல்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பலாமா?
– வாசகர், திருச்சி

தினமும் அனுப்புவதுதான் கோளாறு. முதலில் அது போய்ச் சேருகிறதா என்று பாருங்கள். 2022-இல் வந்த ஆண்ட்ராய்டு 13 முதல், புதிதாக இறக்கிய ஆப்புக்கு நோட்டிபிகேஷன் இயல்பாகவே அணைந்திருக்கும். கேட்டு வாங்க வேண்டும். முதல் திரையிலேயே கேட்டால் "வேண்டாம்" என்று தட்டிவிட்டுப் போவார்கள். ஒரு கடன் பதிவு செய்த உடனே, "கெடு தேதியில் நினைவூட்டவா?" என்று கேளுங்கள், அங்கே 'சரி' என்பதற்கு அவருக்கே காரணம் இருக்கிறது. ஷாவ்மி, விவோ, ஒப்போ, ரியல்மி போன்களில் பேட்டரி சேமிப்பு அமைப்பு பின்னணியில் ஓடும் ஆப்பை நிறுத்திவிடுவதால், அனுமதி கொடுத்தவருக்கும் நினைவூட்டல் வராமல் போகலாம். அவருக்கு ஆட்டோஸ்டார்ட்டை ஆன் செய்யும் வழியைப் படத்தோடு காட்டுங்கள்.

எல்லோருக்கும் ஒரே வாசகம் போகக் கூடாது. சரக்கு அடித்துவிட்டுப் பில் போடாதவருக்கு ஒன்று, பில் போட்டுப் பிரிண்டர் இணைக்காதவருக்கு வேறொன்று. "எங்கள் ஆப்பின் சிறப்புகளை அனுபவியுங்கள்" என்பதை யாரும் தொட மாட்டார்கள். "நேற்று 14 சரக்கு ஏற்றினீர்கள். பில் திரை இங்கே" என்பது நேராக அந்தத் திரையில் போய்த் திறந்தால் தொடுவார்கள். மளிகைக் கடைக்குக் காலையும் மாலையும் கூட்ட நேரம். மத்தியானம் 2 முதல் 4 வரை அனுப்புங்கள். டீக்கடைக்கு அந்த நேரம் சரிவராது, விசாரித்துக்கொள்ளுங்கள்.

வாட்ஸ்அப்பில் அனுப்பலாம், ஆனால் அவர் சம்மதித்திருக்க வேண்டும். அவர் உங்களுக்கு எழுதிய 24 மணி நேரத்துக்குள் எதையும் எழுதலாம். அதற்குப் பிறகு ஒப்புதல் பெற்ற டெம்ப்ளேட்தான். சேவைச் செய்தி என்று ஒப்புதல் வாங்கிவிட்டு அதில் சலுகை அறிவிப்பை நுழைத்தால் அதை விளம்பர வகைக்கு மாற்றிவிடுவார்கள், கட்டணமும் ஏறும். பலர் உங்களை பிளாக் செய்தால் எண்ணின் தரமதிப்பீடு இறங்கும். மூன்று செய்தி போதும்: மறுநாள், நான்காம் நாள், பத்தாம் நாள். அதற்கும் பதில் இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

ஆப்பை முழுக்கத் தமிழாக்கினோம். அப்படியும் பலர் ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்கிறார்கள்!
– வாசகர், திண்டுக்கல்

ஆங்கிலத்துக்கு அளவெடுத்த பொத்தானில் தமிழைத் திணித்திருப்பீர்கள். கடைசி எழுத்துகள் மூன்று புள்ளியாக மறையும், உகரக் குறிகளின் அடிப்பாகம் வெட்டுப்படும். வரி உயரத்தைக் கூட்டுங்கள், பொத்தான் இரண்டு வரிக்கு விரியட்டும். கடைக்காரர் பில், ஸ்டாக், ரேட் என்றுதான் பேசுவார், அதையே எழுதுங்கள். முக்கியமாகத் தேடலைப் பாருங்கள். ஆப் தமிழில் இருந்தாலும் சரக்குப் பெயரைப் பலர் ஆங்கில எழுத்தில்தான் அடிப்பார்கள், ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி. துவரம்பருப்பை எந்த எழுத்தில், எந்த எழுத்துக்கூட்டலில் அடித்தாலும் அதே சரக்கு வர வேண்டும். வராவிட்டால் அவர் மொழியை மாற்றிப் பார்ப்பார், பிறகு ஆப்பையே மாற்றுவார்.

பள்ளி மாணவர்களுக்கான பயிற்சி ஆப் நடத்துகிறோம். தேர்வு நேரத்தில் குவிகிறார்கள், பிறகு காலி. எப்படித் தக்கவைப்பது?
– வாசகர், நாகர்கோவில்

முதலில் கணக்கைச் சரியாகப் படியுங்கள். செப்டம்பரில் காலாண்டு, டிசம்பரில் அரையாண்டு, மார்ச்சில் பொதுத்தேர்வு, பிறகு கோடை விடுமுறை. மார்ச்சில் சேர்ந்தவரின் முப்பதாம் நாள் பெரும்பாலும் ஏப்ரலில் விழும். அன்று அவர் வராதது உங்கள் ஆப்பின் குறையே இல்லை. போன ஆண்டு அதே மாதத்தோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

சேர்ந்த உடனே 30 கேள்வியில் "உங்கள் தரத்தை அறிவோம்" என்று சோதனை வைப்பதை எடுத்துவிடுங்கள். பள்ளியிலிருந்து வந்த பிள்ளைக்கு இன்னொரு பரீட்சையா? வகுப்பைக் கேளுங்கள், பாடத்தைக் கேளுங்கள், "இந்த வாரம் வகுப்பில் எந்த இயல் நடக்கிறது?" என்று கேளுங்கள். அந்த இயலிலிருந்து ஐந்து கேள்வி. முதல் இரண்டு எளிது. தவறினால் பாடப்புத்தகத்தில் எந்தப் பக்கம் என்று காட்டுங்கள். நாளை வகுப்பில் கை தூக்க ஒன்று கிடைத்தால் நாளை இரவும் வருவார்.

உங்களுக்கு வாடிக்கையாளர் இருவர்: படிப்பவர் பிள்ளை, பணம் கட்டுபவர் பெற்றோர். பெற்றோர் ஆப்பை இறக்க மாட்டார்; ஞாயிறு காலை வாட்ஸ்அப்பில் மூன்று வரி போதும். எந்த இயல், எத்தனை கேள்வி, எது தடுமாறுகிறது. மதிப்பெண்ணை மற்ற பிள்ளைகளோடு ஒப்பிட்டு அனுப்பாதீர்கள். வீட்டில் திட்டு விழுந்தால் பிள்ளை ஆப்பை நீக்கிவிடும்.

சட்டத்தையும் பாருங்கள். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் தரவுக்குப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது. பிள்ளைகளின் நடத்தையைப் பின்தொடர்வதையும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் காட்டுவதையும் தடுக்கிறது. கல்வித் துறைக்குச் சில விலக்குகள் உண்டு. அவை உங்களுக்குப் பொருந்துமா என்று வக்கீலிடம் கேட்ட பிறகே எந்த டிராக்கிங் கருவியையும் ஆப்பில் சேர்க்க வேண்டும்.

பதிவு செய்தவுடன் 50 ரூபாய் கூப்பன் கொடுத்தால் தங்குவார்களா?
– வாசகர், சேலம்

கூப்பனை வாங்கிக்கொண்டு போவார்கள். கொடுக்கத்தான் வேண்டுமென்றால் உங்கள் பொருளையே கொடுங்கள். கோப்புகளை இணையத்தில் சேமித்து வைக்கும் டிராப்பாக்ஸ் தன் தொடக்கப் பட்டியலில் ஏழில் ஐந்து வேலையை முடித்தவருக்கு 250 எம்பி இடம் கொடுத்தது. கணினியில் நிறுவுவது, கோப்பு ஒன்றைப் போடுவது என்று அந்த வேலைகள் எல்லாம் டிராப்பாக்ஸைப் பயன்படுத்துவதேதான். பரிசும் அதற்குள்ளேயே செலவாகும். கடைக்கார ஆப் என்றால் இலவச நாட்கள் கொடுக்கலாம், ஒரு பேப்பர் ரோல்கூடக் கொடுக்கலாம். ரோல் வேண்டுபவரிடம் பிரிண்டர் இருக்கும்.

14 நாள் இலவசம் கொடுக்கிறோம். 7 நாளாகக் குறைத்தால் அவசரம் வருமா, 30 ஆகக் கூட்டினால் பழக்கம் வருமா?
– வாசகர், திருப்பூர்

நாளைக் கூட்டுவதோ குறைப்பதோ அப்புறம். கடிகாரம் எப்போது ஓடத் தொடங்குகிறது என்று பாருங்கள். பதிவு செய்த நிமிடத்திலிருந்து என்றால், பிரிண்டர் வாங்கவே பத்து நாள் எடுத்துக்கொண்டவருக்கு மிச்சம் நான்கு நாள். முதல் உண்மையான பில்லிலிருந்து எண்ணுங்கள். மாதக் கடன் கணக்கு எழுதும் கடைகளுக்கு 14 நாள் எப்படியும் போதாது. சம்பளத் தேதி ஒன்று வந்து, கடன் வசூலாகி, ஆப்பில் கணக்குத் தீர்வதை அவர் ஒருமுறை பார்க்க வேண்டும். அதற்கு 35 முதல் 40 நாள் கொடுங்கள். நாள் முடிந்ததும் பழைய கணக்கைப் பூட்டாதீர்கள். புதிய பில் போடுவதை மட்டும் நிறுத்துங்கள். அவருடைய கடன் நோட்டை நீங்கள் பிடித்து வைத்துக்கொண்டதாகத் தோன்றினால், பணம் கட்டித் திறப்பார், எக்செல்லில் எடுத்துக்கொள்வார், அன்றே கணக்கை மூடிவிடுவார்.